லாரியின் புகைச் சுத்திகரிப்பு 7 லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று எழுதியது யார்? ஒற்றை லாரிக் குடும்பத்தின் திறந்த மடல்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தாருக்கும், இந்த நாட்டில் லாரி செய்து விற்கும் நிறுவனத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி. கேரளத்துக்குள் இருந்தாலும் எங்கள் பக்கம் சந்தையும் கோயிலும் தமிழில்தான் நடக்கும். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு லாரி. ஆறு சக்கரம், லோடோடு சேர்த்து 18.5 டன். வீட்டுக்காரர் ஓட்டுகிறார், அக்கா மகன் கிளீனராகப் போகிறான், நான் கணக்கு எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் மண்டியில் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் எறணாகுளம் இறக்க வேண்டும். 2021 ஜனவரியில் எடுத்த, பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி செய்த வண்டி. மாதம் 58,400 ரூபாய் டியூ.

2024 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, வண்டி இருபதுக்கு மேல போக மாட்டேங்குது." வடக்கஞ்சேரி தாண்டி, குதிரான் சுரங்கத்துக்குச் சற்று முன்னால் நிற்கிறார்கள். வெளியே இடவப்பாதி மழை, வண்டிக்குள் தக்காளியும் பீன்ஸும். புகைச் சுத்திகரிப்பில் கோளாறு என்று சொல்லும் மஞ்சள் விளக்கு மினுமினுக்கிறதே என்று ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துப் பார்த்திருக்கிறார் என் வீட்டுக்காரர். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வேகம் 20 கிலோமீட்டரில் பூட்டிக்கொண்டது. அணைக்காமலே ஓட்டியிருந்தால் எறணாகுளம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று பிறகுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் அந்த விளக்கு எரியும்போது சாப்பிட நிறுத்தினாலும் இன்ஜினை அணைப்பதில்லை. புகையைக் குறைக்கத்தான் விதி வந்தது. அந்த விதிக்குப் பயந்து வண்டி ஓட்டல் வாசலில் ஒரு மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

குதிரான் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருபதில் போனால் அதைக் கடக்க மூன்று நிமிடம். பின்னால் கன்டெய்னர்கள் எண்பதில் வருகின்றன. அக்கா மகன் லோடு மேல் ஏறி, தார்ப்பாய்க்கு மேலே உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு அப்போது 22 வயது. அந்த மூன்று நிமிடத்தை நான் வீட்டில் போனைக் காதில் வைத்தபடியே கழித்தேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த மூன்று நிமிடம்தான், பணம் அதற்கு அடுத்துத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை விதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. நான் பிறந்த வீடு வாளையார் சாலையோரம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச்சாவடி எடுக்கப்படும் வரை, எங்கள் வாசலில் லாரி வரிசை நின்றபடி இருக்கும். இஞ்ச் இஞ்சாக நகர்வதால் ஒருவரும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட துணியைச் சாயங்காலம் உதறினால் கரி பறக்கும். என் அம்மா ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவார், படுத்தால் இருமல். நடுவில் 5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்4-லிருந்து நேரே பிஎஸ்6-க்கு இந்த நாடு போனது பெரிய காரியம். கனரக இன்ஜின் ஒரு யூனிட் வேலைக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு என்ற கெட்ட வாயுவை விடலாம் என்றிருந்தது 0.46 கிராமுக்கு இறங்கியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தது 10 பங்கானது. அம்மா இருக்கும்போதே இது வந்திருக்கலாம் என்றுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் சுத்தமான புகைக்கு ஆகும் செலவையும் ஆபத்தையும் யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

இந்த ஏற்பாடு வேலை செய்யும் விதத்தை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் உங்கள் பொறியாளர்கள் திருத்தட்டும். இன்ஜினிலிருந்து வரும் சூடான புகையில் யூரியாக் கரைசலைப் பீய்ச்சுகிறார்கள். நாங்கள் டெஃப் என்போம், சிலர் ஆட்ப்ளூ என்பார்கள். அது சூட்டில் அமோனியாவாகி, வினையூக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் வெளியே போகிறது. வினையூக்கிக்கு முன்னால் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. இரண்டின் கணக்கையும் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். போதுமான அளவு குறையவில்லை என்றாலோ, சென்சாரின் கணக்கே வரவில்லை என்றாலோ விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இழுவையில் கால் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் 20 கிலோமீட்டர்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் யூரியா மோசமானாலும், பீய்ச்சும் முனையில் உப்புக் கட்டினாலும், சைலன்சர் மூட்டில் கசிந்தாலும், சென்சார் செத்தாலும், ஒரு ஒயர் அறுந்தாலும் எரிவது அதே மஞ்சள் விளக்கு. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் ஒரு எண்ணும் வரும். எங்களுக்கு வந்தது 3226. அந்த எண்ணை வீட்டுக்காரர் போனில் சொல்ல, நான் நோட்டில் எழுதி வைத்தேன். அது பின்பக்க நாக்ஸ் சென்சாருக்கான எண் என்று பிறகு தெரிந்தது. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில், 'யூரியா அமைப்பில் கோளாறு, இன்னும் இத்தனை மணி நேரம் ஓடும், அணைத்தால் வேகம் குறையும்' என்று தமிழிலோ மலையாளத்திலோ ஒரு வரி காட்ட முடியாதா? கைபேசியில் எல்லா மொழியும் இருக்கிறதே.

"விளக்கு எரிந்தும் ஓட்டியது உங்கள் தப்பு" என்பீர்கள். முதல் நாளே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தோம். மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள். லோடு விட்டுப் போனோம். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, சென்சார் மாற்ற வேண்டும், ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டிருக்கிறோம் என்றார்கள். எப்போது வரும் என்றதற்குச் சரியான பதில் இல்லை. டியூ தேதி நிற்காதே, ஓட்டினோம். ஐந்தாம் நாள் ஏற்றத்தில் இழுவை போனது, பத்தாம் ராத்திரி குதிரான். ஒரு பாகம் அலமாரியில் இல்லாததற்கு வண்டி ஏன் நொண்ட வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் வண்டியைக் காட்டி, கோளாறு பதிவாகி, பாகத்துக்குக் காத்திருக்கிறோம் என்றால், பாகம் வரும் வரை இழுவையையும் வேகத்தையும் குறைக்க நேரம் எண்ணும் அந்தக் கடிகாரம் ஓடாமல் நிற்கும்படி ஒரு விதி எழுதுங்கள். பாகம் தாமதமானால் அந்தச் சுமை விற்றவர் மேல் விழட்டும். அப்போது அலமாரியில் சென்சார் தானாக வந்து உட்காரும்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில் இதே விஷயத்தில் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. யூரியா அமைப்பில் கோளாறு வந்தால் கனரக லாரிக்கு முதல் 650 மைல் அல்லது 10 மணி நேரம் வெறும் எச்சரிக்கைதான். பிறகு கொஞ்சம்போல இழுவை குறைப்பு. 4,200 மைல் அல்லது இரண்டு வேலை வாரம் தாண்டினால்தான் மணிக்கு 25 மைல் என்ற கட்டுப்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கும் மென்பொருளை மாற்றிக்கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். நம் விதி ஐரோப்பிய விதியைப் பார்த்து எழுதியது, அமெரிக்க விதி வேறு, எனக்குத் தெரியும். ஆனால் லோடு வண்டிக்காரன் பழுது பார்க்க அவகாசம் வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுதானே.

இனி பணக் கணக்கு. சென்சார் 27,850 ரூபாய். அன்றைக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அது 7,798. கூலியும் ஸ்கேன் கட்டணமும் வரியோடு 3,540. ஆக 39,188. லோடு ஐந்து மணி நேரம் தாமதமாகப் போனதால் மண்டியில் வாடகையில் 5,000 பிடித்தார்கள். வண்டி நின்ற நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களுக்கு வரியை 18 சதவீதமாகக் குறைத்தீர்கள், அதற்கு மனதார நன்றி.

வாரன்டி இருந்ததே என்று கேட்டோம். இன்ஜினுக்கு இருக்கிறது. ஆனால் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் சென்சார், ஒயரிங், டெஃப் பம்பு இவற்றுக்கு மட்டும் குறைந்த காலம் போட்டிருந்தது. எங்களுக்கு அது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மீட்டரில் 3,12,000 கிலோமீட்டர்.

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிஎஸ்6 விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு வண்டியின் புகைச் சுத்திகரிப்பு எத்தனை காலம் விதிக்குள் நிற்க வேண்டும் என்ற பட்டியல். சின்னச் சரக்கு வண்டிக்கு 1,60,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு. அடுத்த வகைக்கு 3 லட்சம் அல்லது 6 ஆண்டு. எங்கள் வண்டி போல 16 டன்னுக்கு மேல் உள்ளதற்கு 7 லட்சம் கிலோமீட்டர் அல்லது 7 ஆண்டு, எது முந்துகிறதோ அது. இவ்வளவு நாள் தாங்கும் என்று காட்டித்தான் நிறுவனம் அனுமதி வாங்குகிறது, அதை நம்பித்தான் நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏழு லட்சம். எங்கள் கைக்கு வரும் பத்திரத்தில் மட்டும் அது பாதியாகிவிடுகிறது. சுத்திகரிப்பு ஏழு ஆண்டு நிற்கும் என்றால் அதைக் காக்கும் சென்சாரும் ஏழு ஆண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் செலவு நிறுவனத்துடையது. நான் கேட்பதில் பெரியது இதுதான்: அனுமதிக்குக் காட்டிய காலம் எதுவோ, அதுவே புகைச் சுத்திகரிப்புப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் வாரன்டிக் காலம் என்று ஆக்குங்கள். வண்டி விலையில் கொஞ்சம் ஏறும். ஏறட்டும், டியூவில் சேர்த்துக் கட்டிவிடுவோம். ஒரே ராத்திரியில் 39,000 ரூபாய் புரட்டத்தான் எங்களால் முடியாது. அந்த மாதம் என் தாலிக்கொடி கூட்டுறவு வங்கிக்குப் போனது.

பத்தொன்பது நாள் கழித்து மறுபடி அதே விளக்கு, அதே 3226.

இந்த முறை கஞ்சிக்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒயரிங்காரரிடம் போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சென்சாரிலிருந்து போகும் ஒயர்க் கற்றையை விரலால் தடவிக்கொண்டே போனார். சேசிஸ் விளிம்பில் கிளிப் விட்டுப்போய், ஒயர் தொங்கி, உரசி, செம்பு தெரிந்தது. மழைத் தண்ணீர் பட்டால் கணக்கு தப்பும், வெயில் அடித்தால் சரியாகும். "அக்கா, சென்சார்ல ஒண்ணுமில்ல, முதல்லயே இதப் பாத்திருக்கலாம்" என்றார். ஒயரை மாற்றிச் சுற்றி, கிளிப் போட்டுக் கொடுத்து 450 ரூபாய் வாங்கினார். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்க சர்வீஸ் சென்டருக்குப் போனால், அது போய்விட்டது என்றார்கள். அது கெட்டுத்தான் போயிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்கேனர் எந்தப் பாகத்தின் பெயர் சொன்னதோ அதை மாற்றினோம் என்றார் அங்கிருந்த பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் மாற்றும் முன் ஒயரையும் சைலன்சர் மூட்டுகளையும் சோதித்ததற்கு எழுத்தில் ஒரு தாளும், மாற்றிய பின் பழைய பாகமும் வண்டிக்காரர் கையில் வர வேண்டும்.

கதை இன்னும் முடியவில்லை. ஒயரிங்காரர் கோளாறைத் தீர்த்துவிட்டார், வண்டி நம்பவில்லை. அவரிடம் இருந்த ஸ்கேனர் எண்ணைப் படிக்கும். யூரியா பீய்ச்சலை ஓட்டிச் சோதித்து, அந்தக் கட்டுப்பாட்டை நீக்குவதற்கு நிறுவனத்தின் மென்பொருள் வேண்டுமாம். அது அவருக்குக் கிடைக்காது. குறையைத் தீர்த்தவர் கையில் சாவி இல்லை. கோயம்புத்தூருக்கு நொண்டிக்கொண்டே போய், ஒரு லேப்டாப்பைச் செருகி எடுத்ததற்கு 1,770 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம்.

கார் விஷயத்தில் இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் வெளிப் பட்டறைக்காரர்களுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். பிறகு வழக்கு மேலே மேலே போனது, அது இருக்கட்டும். ஐரோப்பாவில் கனரக வண்டிகளுக்கான 2009-ஆம் ஆண்டின் 595-ஆம் எண் ஒழுங்குமுறையிலேயே, பழுதுபார்க்கும் விவரங்கள் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். புகை அளவை அங்கிருந்து எடுத்தோம், இதை ஏன் விட்டோம்? நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு தளம் தொடங்கி, வாகனங்களையும் அதில் சேர்த்தது. அந்த உரிமை கஞ்சிக்கோட்டுப் பட்டறை வரை வந்துசேர வேண்டும். நியாயமான கட்டணம் வைத்து, பயிற்சி கொடுத்து, பெயரைப் பதிவு செய்து அந்த மென்பொருளைக் கொடுங்கள். யார், எப்போது, எந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள் என்பது பதிவாகட்டும். ஏமாற்று வேலை நடந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

ஏமாற்று வேலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஜூலையில் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். சோப்பு டப்பா அளவு ஒரு பெட்டி. அதை மாட்டினால் யூரியா பீய்ச்சுவதாகவும் சென்சார் நன்றாக இருப்பதாகவும் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். விளக்கு எரியாது, யூரியாச் செலவும் இல்லை. விலை 12,000. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாளையார் வீட்டு அம்மாவை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் இப்படி மாற்றுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ உண்டு, தெரியும். ஆனால் யார் பிடிக்கிறார்கள்? டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்துப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அந்தச் சோதனையில் அதை அளப்பதும் இல்லை. பெட்டி மாட்டியவன் சான்றிதழோடு எண்பதில் போகிறான். ஒழுங்காக இருந்தவன் இருபதில் போகிறான். புகைச் சோதனையிலேயே வண்டியின் கம்ப்யூட்டரையும் யூரியா செலவான கணக்கையும் பார்க்க வையுங்கள். டீசலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை யூரியா போக வேண்டும். போகாத வண்டி எது என்று அந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

யூரியாவைப் பற்றியும் கொஞ்சம். டெஃப் என்பது 32.5 சதவீதம் சுத்த யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 தரம். வயலுக்குப் போடும் மானிய யூரியா கிட்டத்தட்ட முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து வாளியில் அடைத்து விற்கும் ஆட்கள் சாலையோரம் இருக்கிறார்கள். வேப்பெண்ணெயும் தண்ணீரிலுள்ள உப்பும் வினையூக்கியைக் கெடுத்துவிடும், அதன் விலைக்குச் சென்சார் ஒன்றுமே இல்லை. நல்ல டெஃபும் வெயிலில் கெடும். 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு வைக்கலாம், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 தொடும். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய வாளிகளில் தயாரித்த தேதி சில நேரம் இருக்கும், சில நேரம் அழிந்திருக்கும். பெட்ரோல் பங்குகளில் டீசலைப் போலவே டெஃபையும் தரம் பார்த்து விற்க வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் டீக்கடையில் நிற்கும் எந்த ஓட்டுநரிடமும் மஞ்சள் விளக்கு என்று சொல்லிப் பாருங்கள். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். எங்களுக்கு நின்றால் அடுத்த மாத டியூ தவறும், இரண்டு மாதம் தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

2021 ஜனவரி முதல் ஒவ்வொரு லோடும், ஒவ்வொரு வாளி டெஃபும், ஒவ்வொரு முறை விளக்கு எரிந்த தேதியும், வந்த எண்ணும், கட்டிய பில்லும் என் நோட்டில் இருக்கிறது. மூன்று நோட்டு ஆகிவிட்டது. விதியைத் திருத்த உட்காரும்போது கேட்டால், நகலெடுத்து அனுப்பத் தயார். ஆள் வந்தால் வண்டியையும் காட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்கு மண்டி லோடு கிடையாது.

வணக்கத்துடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு லாரியின் கணக்கு எழுதுபவள்